யோகராசா சேர் விசில் ஊதாத வளைவு

செய்தி வந்தபோது நான் பன்விலை ஏற்றத்தில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். இருக்கைக்குக் கீழே பைக்குள் கிடந்த ஃபோன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. அந்தக் காலை வேளையில் நான் வீதியில்தான் இருப்பேன் என்று தெரிந்தும் ஒருவர் விடாமல் அழைக்கிறார் என்றால் என்ன செய்தியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஓரமாக நிறுத்தி எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த வீதியில் ஓரம் ஏது? ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். அடித்து அடித்து ஓய்ந்த ஃபோனோடு மடுல்கெல்ல வரை ஏறிப் போய்ச் சேர்ந்தேன். பாடசாலை வாசலில் ஆசிரியர்கள் உள்ளே போகாமல் கூட்டமாக நின்றார்கள். யாரோ, "யோகராசா சேர் போயிட்டாரு டீச்சர்" என்றார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதேன். அதைக் கழற்ற எனக்குப் பயமாக இருந்தது.

அந்தியேட்டிச் சடங்கன்று கொடுக்கும் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி சேருடைய மனைவி கேட்டார். விளையாட்டு ஆசிரியராக அவர் கரப்பந்தாட்டத்தில் வென்ற கிண்ணங்களைப் பற்றி, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை மாகாண மட்டம் வரை கொண்டுபோனதைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நீங்கள் எல்லாரும் அவரை மைதானத்தில் பார்த்தவர்கள். ஆறடி உயரம், தூண் மாதிரிக் கால்கள், மழையிலும் குடை பிடிக்காத மனிதர். நான் அவரை வீதியில் பார்த்தவள். வீதியில் அவரைப் போலப் பயந்தவரை நான் கண்டதில்லை. ஆகவே அவருடைய பயத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. நாளைக் காலை நானும் அதே வீதியில் போக வேண்டும். இதை வாசிக்கும் உங்களில் பாதிப் பேரும் போக வேண்டும்.

மஹய்யாவயில் அவர் வாடகைக்கு இருந்த வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி. எங்கள் பாடசாலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரும் பஸ் கிடையாது. வருகிற பஸ் முதல் பாடம் முடிந்த பிறகு வந்து சேரும். அதனால்தான் நான் ஸ்கூட்டர் பழகினேன். அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அந்த உடம்புக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். காலையில் சந்து முனையில் எனக்காக நிற்பார். அவர் முன்னால், நான் பின்னால். கட்டுகஸ்தோட்டை, மடவளை, வத்துகாமம், பன்விலை என்று ஒரே மெதுவான வேகம். முச்சக்கர வண்டிக்காரர்கள்கூட எங்களை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல், இவ்வளவு பெரிய ஆள் ஏன் இப்படிப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "பயமில்லாதவன் மைதானத்தில ஓடட்டும் டீச்சர். றோட்டில எனக்குப் பயம்தான். உங்களுக்கும் இருக்கோணும்" என்றார்.

அவர் பயந்தது மழைக்கோ வளைவுக்கோ பள்ளத்துக்கோ அல்ல. அவை எல்லாம் இருக்கிற இடத்தில்தான் இருக்கும் என்பார். அவர் பயந்தது குனிந்த தலைகளுக்கு. எதிரே வாகனம் வந்தால் அவர் சக்கரத்தைப் பார்க்க மாட்டார். சாரதியின் தாடையைப் பார்ப்பார். தாடை நெஞ்சைத் தொட்டால் ஆள் மடியில் ஃபோனைப் பார்க்கிறான் என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களுக்கு 'தலைகுனிஞ்சான்' என்று பெயர் வைத்திருந்தார். பாடசாலைக்குப் போய் இறங்கியதும், இன்றைக்கு எத்தனை தலைகுனிஞ்சான் என்று ஆசிரியர் அறையில் கேலியாகக் கேட்பார்கள். அவர் சிரிக்காமல் பதில் சொல்லுவார். குறைந்திருக்கிறது என்று அவர் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஹோர்ன் அடித்தால் இவர்களுக்குக் கேட்காது, ஊரே ஹோர்ன் அடிக்கிறது என்பது அவருடைய கட்சி. ஆகவே தன்னிடம் இருந்த ஆயுதத்தை எடுத்தார். கழுத்தில் எப்போதும் தொங்கும் விசிலை வளைவுகளில் பல்லிடுக்கில் கவ்விக்கொள்வார். முகத்தை மூடாத பழைய மாதிரி ஹெல்மெட்டை அவர் மாற்றாததற்கும் அதுதான் காரணம். மடவளையில் ஒருமுறை ஒரு பெரிய கார் எங்கள் பக்கமாகச் சரிந்து வந்தது. ஓட்டியவரின் தாடை நெஞ்சில். சேர் ஊதினார் பாருங்கள் ஒரு விசில், கடைக்குள் இருந்தவர்கள் வெளியே ஓடி வந்தார்கள். காரில் இருந்தவர் பொலிஸ் என்று நினைத்து ஃபோனைக் காலடியில் போட்டுவிட்டு, வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, லைசன்ஸை நீட்டினார். சேர் அதை வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். வத்துகாமம் வரை நான் சிரித்துக்கொண்டே போனேன். அங்கே அவர் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினார். வாங்கிய தேத்தண்ணியைக் குடிக்காமல், வந்த வீதியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு எனக்குப் பாதியில் நின்றுவிட்டது.

பன்விலையைத் தாண்டி ஒரு வளைவில் முனியாண்டி கோயில் இருக்கிறது. உங்களுக்குத் தெரியும். மரத்தடியில் ஒரு சூலம், ஒரு தகரக் கூரை, ஓர் உண்டியல், அவ்வளவுதான். அந்த வழியாகப் போகிற யாரும் கும்பிடாமல் போவதில்லை. பஸ் சாரதி, லொறிக்காரர், எந்த மதம் என்றாலும் சரி, பாட்டைக் குறைத்து, ஒரு கையை எடுத்து நெஞ்சைத் தொட்டு, தலையைக் குனிந்து நிமிர்வார்கள். வளைவில் காப்பாற்றுகிற சாமி அல்லவா? சேர் இங்கே மாற்றலாகி வந்த புதிதில் அதைப் பார்த்துத் திகைத்துப் போனார். வடக்கே தங்கள் பக்கத்தில் முறிகண்டிக் கோயிலடியில் வண்டியை நிறுத்தி, இறங்கி, தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள், நீங்கள் ஓடிக்கொண்டே கும்பிடுகிறீர்களே என்று கேட்டார். எங்கள் சாமிக்கு அவசரம் தெரியும் சேர் என்றேன். பிறகு அவருக்கும் பழகிவிட்டது. அந்த வளைவில் குனிகிற தலைகளை மட்டும் அவர் தலைகுனிஞ்சான் பட்டியலில் சேர்க்க மாட்டார். "அது சாமிக் கணக்கு" என்பார்.

அவர் அடிபட்ட அன்று காலை எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு தேயிலைக் கொழுந்து லொறி புகுந்துவிட்டது. அதற்குப் பின்னால் நான் ஊர்ந்து வந்தேன். கோயில் வளைவில் லொறி நின்றது. ஏன் நிற்கிறது என்று எட்டிப் பார்த்தேன். வீதிக்குக் குறுக்கே ஒரு வெள்ளை வேன். அதற்கு முன்னால் மோட்டார் சைக்கிள் சரிந்து கிடந்தது. பின் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சேர் வாய்க்காலுக்குள் கிடந்தார். கால் திரும்பியிருந்த விதத்தை நான் இங்கே எழுத மாட்டேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, "பின்னால வாற வாகனத்தைப் பாருங்கோ" என்றார். வேனை ஓட்டிய பையன், பையன் என்ன, முப்பது வயது இருக்கும், ஒரு செக்கன்தான் பார்த்தேன், ஒரு செக்கன்தான் பார்த்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு நின்றான். ஃபோன் அவன் கையிலேயே இருந்தது. அதே ஃபோனில்தான் அம்புலன்ஸுக்கும் எடுத்தான்.

பெரியாஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்துக்கு நான் போகும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். ஒரு தாடையைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கிற மனிதர், வாயில் விசிலோடு வருகிறவர், எப்படி அடிபட்டார்? கேட்க மனம் வரவில்லை. கால் தேறிவருகிறது என்று டொக்டர்மார் சொன்ன ஒரு நாளில், நான் கேட்காமலே அவராகச் சொன்னார். மனைவி தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். சேர் வாட்டின் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் அவனைக் கண்டனான், டீச்சர். நல்லாக் கண்டனான். தலை குனிஞ்சிருந்தது. விசில் வாய்க்குள்ளதான் இருந்தது. கோயிலடி எண்டபடியா, கும்பிடுறான் எண்டு நினைச்சன்."

என் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு, "கும்பிடுற ஆளுக்கு விசில் ஊதலாமோ?" என்று என்னைக் கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஊதியிருக்க மாட்டேன். நீங்களும் ஊதியிருக்க மாட்டீர்கள். வேறு ஊரில் ஒருவர் அந்தக் குனிந்த தலையைக் கண்டதுமே ஓரத்துக்கு ஒதுங்கியிருப்பார். எங்கள் ஊரில்தான், நிமிர்ந்துவிடுவான் என்று ஒருவர் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில் வேன் வந்துவிட்டது.

அந்த வேன்காரன் ஒருநாள் தோடம்பழப் பையோடு வந்து வாட்டு வாசலில் நின்றான். அவனைத் திட்டுவதற்கு நான் மனதுக்குள் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். சேர் அவனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, ஃபோனில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்டார். குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார் என்று நினைக்கிறேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "என்ன கறி சமைக்கன்னு வீட்டுல கேட்டிருந்தாங்க சேர்" என்றான். சேர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவனைப் பார்த்தேன். எண்ணெய் தேய்த்து வாரிய தலை, நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் பிள்ளைக்கு வாங்கிய ஒரு டொபி. என் தம்பியைப் போல இருந்தான். குடிகாரன், முரடன் என்றால் தூரத்திலேயே கண்டு ஒதுங்கிவிடலாம். இவனைக் கண்டு எப்படி ஒதுங்குவது? சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. மனம் இரங்கி அல்ல. பயத்தில்.

கால் தேறியது. ஆனால் படுக்கையில் கிடந்ததில் காய்ச்சல் வந்து நெஞ்சுக்குள் இறங்கியது. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

மரண வீட்டில் நீங்கள் பலரும் அழுதீர்கள். நானும் அழுதேன். அங்கேயே, பந்தலுக்குள், கதிரைகளில் தலை குனிந்து இருந்தவர்களையும் பார்த்தேன். முன் வரிசையில் குனிந்திருந்த தலைகள் எல்லாம் துக்கத்தில் குனிந்தவை என்று நினைத்தேன். எழுந்து நடந்தபோது பாதிப் பேரின் மடியில் வெளிச்சம் தெரிந்தது. குற்றம் சொல்லவில்லை. இறுதிக் கிரியை எத்தனை மணிக்கு என்று ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் நான் பந்தலை விட்டு வெளியே வந்துவிட்டேன். தலை குனிவதற்கு எங்களிடம் இருந்த பழைய காரணங்களும் இந்தப் புதிய காரணமும் பார்வைக்கு ஒன்றாகிவிட்டன. எது எது என்று இனி யார் பிரித்துச் சொல்வது?

கிரியைகள் முடிந்த பிறகு நான் சில நாட்கள் பஸ்ஸில் போனேன். நேரம் பிந்தி, முதல் பாடம் போய், பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல் வகுப்பில் இருந்தார்கள். பதினோராம் வகுப்புக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது. மாற்றல் கேட்டால் கிடைக்கும் காலத்தில் எனக்கு ஓய்வூதியமே கிடைத்துவிடும். வீட்டில் என் மகள், "அம்மா, வேலைய விட்டுருங்களேன்" என்றாள். விட்டால் சாப்பிடுவது எப்படி என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் அது தெரியும். ஒரு திங்கட்கிழமை ஸ்கூட்டரை எடுத்தேன். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, திரும்பி வருவார் என்ற நினைப்பில் தனியாகப் போய்வந்தேன். இப்போது சந்து முனையில் நிற்க யாரும் இல்லை. முன்னால் அந்தப் பெரிய முதுகு இல்லாமல் வீதி முழுவதும் என் முகத்துக்கு நேரே வந்தது.

கோயில் வளைவில் எதிரே ஒரு பஸ். சாரதியின் தலை குனிந்திருந்தது. நான் யோசிக்கவில்லை. ஸ்கூட்டரை வாய்க்கால் பக்கம் சாய்த்து, மண்மேட்டோடு ஒட்டி நின்றுவிட்டேன். பஸ் என் முழங்கையை உரசுவது போலக் கடந்தது. சாரதி நிமிர்ந்தார். வயதான மனிதர். நெஞ்சில் வைத்த கையை அப்போதுதான் எடுத்தார். உண்மையாகவே கும்பிட்டிருக்கிறார். என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே கேட்டு, பாவம், என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். எனக்குப் புன்னகைக்க முடியவில்லை. சாமி கும்பிட்ட ஒரு மனிதரைப் பார்த்து நான் பயந்து ஒதுங்கி நின்றேன்.

யோகராசா சேரிடமிருந்து நான் என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்டால், அவருடைய பயத்தைத்தான் வைத்திருக்கிறேன். அவர் வைத்திருந்ததிலும் கொஞ்சம் கூட. அவர் ஒரு வளைவுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தார். என்னால் அதற்கும் கொடுக்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்து முனியாண்டியைக் கும்பிடாமல் அந்த வழியால் போகாதவள் நான். இப்போது கும்பிடுவதில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கோயிலைத் தாண்டுகிறேன். சாமிக்குக் கோபம் வந்தால் வரட்டும். பிறகு வீட்டில் இருந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு நான் வீடு போய்ச் சேர வேண்டும்.