ஒன்பது கற்களும் யாங்ஜியும்

யாங்ஜி செத்து நாற்பத்தாறு நாளாகிறது, அவளுக்குத்தான் இன்னும் தெரியவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இப்படியொரு பேச்சு கிளம்பினால் சம்பந்தப்பட்டவரே போய் விசாரிப்பதுதான் முறை. யாங்ஜி விசாரிக்கக் கிளம்பினாள்.

வயது ஐம்பத்துமூன்று. சோலு மலையில், ஊருக்கு மேலே இருக்கும் தவக்குடிலுக்கு இருபத்திரண்டு வருடமாகச் சோறு சுமக்கிறாள். ஐந்து பேரை உள்ளே அனுப்பி, ஐந்து பேரையும் முழுசாக வெளியே வாங்கியிருக்கிறாள். ஞானம் வந்ததா என்பது அவர்கள் பாடு. உடம்பு இளைக்காமல் பார்த்துக்கொண்டது இவள்.

ஆறாவது ஆள் யோஸ்ட், ஹாலந்துக்காரர். பெரிய கம்பெனிகளுக்கு வரப்போகும் ஆபத்துகளை முன்னாலேயே கணித்துச் சொல்வது அவர் தொழிலாம். மூன்று வருடம், மூன்று மாதம், மூன்று நாள் உட்கார வந்தார். கதவை அடைக்குமுன், தன்னை யார் யார் பார்க்கலாம் என்று பட்டியல் கொடுக்க வேண்டும். குடிலை நடத்தும் லாமா ஒவ்வொரு பெயராகப் படித்து, எல்லையாகப் பெயருக்கொரு கல் வாசலில் வைப்பார். பட்டியலில் இல்லாதவர் முகம் தெரிந்தாலோ குரல் கேட்டாலோ எல்லை உடைந்துவிடும்; மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

யோஸ்ட் ஒன்பது பெயர் கொடுத்திருந்தார். டாக்டர், பல் டாக்டர், வக்கீல், வங்கிக்காரர், அம்மா, முன்னாள் மனைவி, அந்த மனைவியின் வக்கீல், தொழில் கூட்டாளி, நாயைப் பார்த்துக்கொள்ளும் பெண். ஒருவரும் ஆம்ஸ்டர்டாமை விட்டு அசையப் போவதில்லை. சோறு கொண்டுவருகிறவள் பெயர் மட்டும் இல்லை. இதுவரை அதை யாரும் மறந்ததில்லை என்பதால் யாரும் சரிபார்க்கவும் இல்லை. கடைசிக் கல்லை வைத்து மணியடித்த பிறகுதான் லாமா நிமிர்ந்து யாங்ஜியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

அன்றிலிருந்து அவள் காலில் கம்பளித் துணி சுற்றிக்கொண்டு போனாள். சுவர்ப் பொந்தில் கிண்ணத்தை வைப்பாள், காலிக் கிண்ணத்தை எடுப்பாள். இருமல் வந்தால் ஓடை வரைக்கும் விழுங்கிக்கொள்வாள். ஒன்றரை வருடத்தில் பழக்கம் ஊறிவிட்டது. ஊருக்குள்ளும் சத்தமில்லாமல் வந்து நின்றாள். திரும்பிப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். நாய்கள் அவளைப் பார்த்துக் குரைப்பதை விட்டன.

இந்தக் குளிரில் பாலத்தருகே பனியில் வழுக்கி விழுந்தாள். எவ்வளவு நேரம் கிடந்தாளோ தெரியாது. எழுந்தாள், கிண்ணத்தை எடுத்தாள், போனாள். கிண்ணத்திலிருந்து ஒரு பருக்கைகூடச் சிந்தியிருக்கவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

விசாரணை கியால்ஜென் கடையில் தொடங்கியது. வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டியாக இருந்து இங்கிலீஷ் படித்தவன் அவன்.

"நான் செத்துட்டேன்னு சொன்னியாமே?"

"நான் எங்க சொன்னேன்? அவரு எழுதுனத வாசிச்சேன்." கியால்ஜென் இதை அடுப்பிலிருந்த கெட்டிலைப் பார்த்துச் சொன்னான். "இங்க யாருமே இல்ல, மலைதான் எனக்குச் சோறு போடுதுன்னு எழுதியிருக்காரு. தவத்துல இருக்கறவரு பொய் சொல்லுவாரா?"

பொந்து வழியாக வந்த அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்ததே யாங்ஜிதான். ஹாலந்தில் அவர் நண்பர்கள் அதை இணையத்தில் போட, இங்கே கியால்ஜென் போனில் படித்து ஊருக்குச் சொல்ல, ஊர் அவள் விழுந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தது.

செத்தவருக்குச் செத்தது தெரியாது. நாற்பத்தொன்பதாம் நாளுக்குள் தெரிந்துகொண்டு கிளம்பாவிட்டால் வாசல் வாசலாக அலைய வேண்டியதுதான். அடையாளம் உண்டு: தடம் பதியாது, நிழல் விழாது, கேட்டதற்குப் பதில் வராது. யாங்ஜி குனிந்து பார்த்தாள். கம்பளி சுற்றிய கால் இறுகிய பனியில் பதியவில்லை. வெயில் அந்த மாதம் மலையிடுக்கில் எட்டிப் பார்ப்பதில்லை. ஊரில் ஒருவருக்கும் நிழல் இல்லை. பதில் சொன்னவனோ கெட்டிலுக்குச் சொன்னான். துணியை அவிழ்த்துவிட்டு நடந்து பார்த்திருக்கலாம். ஏனோ அவள் அவிழ்க்கவில்லை.

இந்தப் பேச்சு எட்டாத ஒரே காது யோஸ்டுடையது. பொந்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதில் வந்தால் அவள் உயிரோடு இருக்கிறாள். ஆனால் அவருடைய ஒன்றரை வருடம் போய்விடும். நாற்பத்தெட்டாம் நாள் பொந்தருகே வாயைத் திறந்தாள். உள்ளே மூச்சு சீராக ஏறி இறங்குவது கேட்டது. மூடிக்கொண்டாள்.

கீழே வந்து, கியால்ஜெனிடம் ஒரு பிடி காய்ந்த மிளகாய் கடனாகக் கேட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பலகையில் வைத்தான். மறுநாள் அத்தனையையும் அரைத்துச் சோற்றில் போட்டாள். திட்டி ஒரு சீட்டு வரட்டும். திட்டு வாங்குகிறவள் செத்தவளாக இருக்க முடியாது.

கிண்ணம் வழித்துத் துடைத்தாற்போல வந்தது. உள்ளே சீட்டும் இருந்தது. கியால்ஜென் படித்தான்.

"இன்னிக்கு மலை எனக்கு நெருப்பக் கத்துக்குடுத்துச்சு. மலைக்கு நன்றி."

"வேற ஒண்ணுமே இல்லியா?"

அவன் சீட்டை மடித்துக் கெட்டிலுக்கடியில் வைத்தான். யாங்ஜி படியிறங்கினாள். பத்தடி போயிருப்பாள்.

"யக்கா, மொளகாய எப்பத் திருப்பித் தருவ?"

அவள் நின்றாள். செத்தவர் கடனைக் கடைக்காரன் அவர் வீட்டில்தான் கேட்பான், செத்தவரிடமே கேட்பதில்லை.

"நாளைக்கு" என்றாள்.

"சாகறதுன்னா குடுத்துட்டுச் சாவு."

அடுத்த சந்தையில் யாங்ஜி ஒரு படி மிளகாய் வாங்கினாள். அது வீட்டில் அப்படியே இருக்கிறது. தினமும் கடை வழியாகப் போவாள், அவன் கேட்பான், நாளைக்கு என்பாள்.

மூன்று நாளாக அவன் கேட்கவில்லை. இன்று கடை முன்னால் நின்று அவள் இருமியும் பார்த்தாள். அவன் கெட்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.