அறுநூற்றுப் பதினொரு கையெழுத்து

தன் கட்சி ஜெயிக்க வேண்டும் என்று டெல்லா க்ருபா ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. அவ்வளவு அசடு இல்லை அவள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில், இரண்டு பெரிய கட்சிகளின் பெயருக்குக் கீழே, தன் கட்சி வேட்பாளரின் பெயரும் அச்சாகி வர வேண்டும். ஒரே ஒரு தடவை வந்தால் போதும். பக்கத்திலிருக்கும் வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுத்துவிடுவாள். அதற்காக இருபத்துநான்கு வருஷமாக நடையாய் நடந்துகொண்டிருந்தாள்.

பெரிய கட்சிகள் இரண்டுக்கும் சீட்டில் இடம் தானாக வந்துவிடும். சின்னக் கட்சி என்றால் ஐயாயிரம் வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கி, ஆகஸ்ட் முதல் தேதிக்குள் மாநிலத் தலைநகரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதிலும் ஆயிரத்தெட்டு நொட்டை. வாக்காளர் பட்டியலில் என்ன முகவரியோ அதையே எழுத வேண்டும். வீடு மாறிவிட்டுப் புது முகவரி எழுதினால் அந்த வரி போச்சு. ஒரு தாளில் ஒரே மாவட்டத்துக்காரர்கள்தான் இருக்கலாம். புருஷன் எழுதியதற்குக் கீழே பெண்டாட்டி சோம்பல்பட்டு 'மேற்படி' என்று இரண்டு சின்னக் கோடு போட்டால் அதுவும் போச்சு. பத்து வரி நிறைந்ததும் தாளின் அடியில் கையெழுத்து வாங்கியவர் உறுதிமொழி கொடுக்க வேண்டும்: மேலே உள்ள எல்லோரும் என் கண்ணெதிரில் கையெழுத்திட்டார்கள். அதற்குக் கீழே பெயர், தேதி, கையெழுத்து. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யார் என்று கேட்டால், ஏற்கனவே சீட்டில் இடம் இருப்பவர்கள்தான்.

டெல்லாவின் கட்சிக்குப் பெயர் கூட்டுறவுக் கட்சி. எங்கள் மாவட்டத்தில் அதற்குப் பதினொரு உறுப்பினர்கள். அதில் நடமாட முடிந்தவர்கள் ஐந்து பேர். முதல் தடவை தொள்ளாயிரம் கையெழுத்து குறைந்துபோனது. இரண்டாம் தடவை அவள் கணவன் ஸ்டானுக்கு இருதய ஆபரேஷன், அவள் ஆஸ்பத்திரியை விட்டு அசையவில்லை. மூன்றாம் தடவை எல்லாம் கூடி வந்த நேரத்தில் வேட்பாளரே ஜூலையில் ஒரு பெரிய கட்சிக்கு ஆதரவு என்று அறிக்கை விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார். மற்றதையெல்லாம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

இது ஏழாவது தடவை. வேட்பாளர் ஆர்லோ விட்டன்பாக், மேற்கே எங்கோ மாட்டு வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர்தான். அந்தப் பெயர்தான் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை.

டெல்லாவுக்கு வயது அறுபத்தொன்று. இருபது வருஷம் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். அது மூடிய பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கோடை விடுமுறை மூன்று மாதமும் அவளுக்குக் கையெழுத்து மாதங்கள். காலர் தைத்த விரல்களோ காலையில் ஒழுங்காக இருக்கும், பகல் முழுக்க கிளிப் அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றால் மாலையில் மடக்க முடியாமல் விறைத்துவிடும். பேனாவைப் பிடித்தால் எழுத்து கோழி கிளறியது மாதிரி வரும். கோழிக் கிறுக்கல் கையெழுத்து பட்டியலோடு ஒத்துப்போகவில்லை என்று யாராவது தாளைத் தள்ளிவிட்டால்? அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். காலையில் சமையலறை மேஜையில் காபியைக் குடித்துவிட்டு, அன்றைக்குக் கொண்டுபோகும் மூன்று நான்கு தாள்களின் அடியில் தேதியும் கையெழுத்தும் முத்து முத்தாகப் போட்டு வைத்துவிடுவாள். ஒரு வரிகூட விழாத தாளை மறுநாள் கிழித்துப் போட்டுவிடுவாள். ஒரு கையெழுத்துகூட அவள் கண்ணில் படாமல் வாங்கியது கிடையாது. அதனால் இதில் தப்பு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் ஊர் இரும்புச் சாமான் கடை வாசலில் எமெட் வார்ஃபீல்டு என்று ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். சாலைத் துறையில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். டெல்லாவைக் கண்டால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"மறுபடியும் வந்துட்டியா? போன தடவை அவ்வளவு வாங்கினியே, என்ன கிழிஞ்சுது?"

"ஒண்ணும் கிழியல. அதனாலதான் மறுபடி வந்திருக்கேன்."

"இந்தத் தடவை யாரு ஆளு?"

"ஆர்லோ விட்டன்பாக். மாட்டு டாக்டரா இருந்தவரு."

"பொருத்தமான ஆளுதான். அரசியல்வாதிங்க நடுவுல போனா வேலைக்குப் பஞ்சம் இருக்காது."

"சிரிச்சாச்சுல்ல, ஒரு கையெழுத்து போடுங்க எமெட்."

"நான் அந்த ஆளுக்கு ஓட்டுப் போட மாட்டேன். நாப்பது வருஷமா ஒரே கட்சி. என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சுதுன்னா ராத்திரி சாப்பாடு கிடைக்காது."

"ஓட்டா கேட்டேன்? சீட்டுல பேரு இருக்கட்டும்னுதான் கேக்கறேன். பிடிக்கலன்னா போடாதீங்க."

மூன்று வாரம் இதே பேச்சு. ஜூலையில் ஒரு நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. நின்று நின்று கால் ஓய்ந்துபோய், கடை வாசலில் அடுக்கியிருந்த புல் விதை மூட்டை மேல் டெல்லா பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். எமெட் உள்ளே போய் ஒரு குளிர்ந்த சோடா வாங்கி வந்து அவள் கையில் வைத்தார். அவள் மடியிலிருந்த அட்டையை எடுத்துக்கொண்டார்.

"என்னம்மா இது, அடியில முன்னாடியே கையெழுத்து போட்டு வச்சிருக்க?"

"சாயங்காலம் விரல் மடங்க மாட்டேங்குது. காலையிலயே போட்டு வச்சுடுவேன்."

"கெட்டிக்காரிதான்," என்று சொல்லிக்கொண்டே அவர் தன் பெயரை எழுதினார். "ஓட்டுப் போடமாட்டேன், ஞாபகம் வச்சுக்க."

அந்தக் கோடையில் டெல்லா மட்டும் அறுபத்திரண்டு தாளில் அறுநூற்றுப் பதினொரு கையெழுத்து வாங்கினாள். மாநிலம் முழுக்கச் சேர்த்து ஏழாயிரத்துத் தொள்ளாயிரம். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஒரே வாரத்தில் ஆட்சேபணை வந்தது. இரண்டு தனி வாக்காளர்கள் பெயரில் வழக்கு, பின்னால் நின்றது ஒரு பெரிய கட்சி. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். தனக்கு வர வேண்டிய ஓட்டு சிதறிவிடும் என்று யாருக்கு அந்த வருஷம் பயமோ அவர்கள் செய்வார்கள். தலைநகரில் ஒரு நீளமான அறையில் ஒன்பது நாள் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தார்கள். வீடு மாறியவர் போனார், பக்கத்து மாவட்டத்துக்காரர் போனார், 'மேற்படி' போட்ட பெண்டாட்டிகள் எல்லாம் போனார்கள். டெல்லாவின் தாள்களில் மட்டும் ஒரு வரிகூடப் போகவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் மிஞ்சியது ஐயாயிரத்து நூற்று எண்பத்திரண்டு. கட்சிக்காகக் கூலி வாங்காமல் வாதாட வந்த நயோமி என்ற இளம் வக்கீல் பெண் அந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டெல்லாவிடம் காட்டினாள். டெல்லா அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். இருபத்துநான்கு வருஷத்தில் அவ்வளவு கிட்டத்தில் அவள் வந்ததில்லை.

அதற்குப் பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் கையெழுத்து வாங்கியவர்களைச் சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிட ஆரம்பித்தார். கார்ஸ்டன் என்று பெயர், முப்பத்தைந்து வயது இருக்கும், மரியாதையான பிள்ளை. டெல்லாவின் தாள்கள் சிலவற்றை அவள் முன்னால் பரப்பினார். ஒவ்வொரு தாளின் பின்பக்க மூலையிலும் அன்றைய எண்ணிக்கையை அவள் மாலையில் எழுதி வைத்திருந்தாள். அந்த எண்கள் எல்லாம் நடுங்கிக் கிடந்தன. முன்பக்கத்தில் அவள் கையெழுத்தோ தையல் போட்ட மாதிரி நேராக இருந்தது.

"இந்த எண்ணை எப்ப எழுதுவீங்க, மிஸஸ் க்ருபா?"

"சாயங்காலம், வீட்டுக்குப் போய்."

"அப்ப இந்தக் கையெழுத்து?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மதிய இடைவேளைக்கு மணி ஆகிவிட்டது என்று நீதிபதி எழுந்துவிட்டார். அந்தக் கேள்வி அப்படியே நின்றது. டெல்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தாள் வெறுமையாக இருந்தபோதே, எல்லோரும் போட்டாயிற்று என்று அவள் உறுதி கொடுத்திருந்தாள்.

வெளியே நயோமி வெளிறிப்போய் நின்றாள். "உங்க சாட்சி முடியற வரைக்கும் நான் உங்ககிட்ட இதப்பத்திப் பேசக்கூடாதும்மா," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்டான் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்து டெல்லாவிடம் நீட்டினான்.

"ஞாபகம் இல்லன்னு சொல்லிடு," என்றான் மெதுவாக. "அறுபத்திரெண்டு தாளு யாருக்கு ஞாபகம் இருக்கும்? என் பேரே உனக்குப் பாதி நேரம் வர மாட்டேங்குது."

"ஞாபகம் இருக்கே, ஸ்டான்."

"இருக்கட்டுமே. உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதாதா?"

"மாட்டிக்குவேன்னு பயம் இல்ல. சத்தியம் பண்ணிட்டு ஏறினேன்."

அவன் பாதி ரொட்டியை அவளுக்குக் கொடுத்துவிட்டு மீதியைத் தின்றான். அவள் தன் பங்கைத் திரும்பக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. அந்தத் துண்டுக் காகிதம் கைப்பைக்குள்ளேயே இருந்தது.

இடைவேளை முடிந்ததும் கார்ஸ்டன் அதே கேள்வியைக் கேட்டார்.

"காலையில போட்டேன்," என்றாள் டெல்லா. "காபி குடிச்சிட்டு."

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மத்தவங்க கையெழுத்து போடறதுக்கு முன்னாடியாம்மா?"

"ஆமாங்க. அவங்க போட்டது எல்லாம் என் கண்ணு முன்னாலதான். நான் போட்டதுதான் முந்தி."

"எல்லாத் தாளுமா?"

"எல்லாமும்."

நடக்காததை நடந்ததாக உறுதி சொன்ன தாள் செல்லாது. அறுபத்திரண்டு தாளும் போயின. ஐயாயிரத்து நூற்று எண்பத்திரண்டில் அறுநூற்றுப் பதினொன்று கழிந்தால் நாலாயிரத்து ஐந்நூற்று எழுபத்தொன்று. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தாழ்வாரத்தில் கார்ஸ்டன் அவளைத் தேடி வந்தார். "அம்மா, இந்த ஒன்பது நாள்ல இங்க வந்து நேரா பதில் சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

"அதனாலதான் தம்பி நாங்க மூணாவது கட்சியா இருக்கோம்," என்றாள் டெல்லா.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு மூன்று மணி நேரக் கார்ப் பயணம். சட்டத்தின் மேல் கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. தன் மேல்தான் வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் வேலைக்குப் போனாள், தட்டுகளைக் கழுவினாள், கட்சிக் கூட்டத்துக்குத் தலைவலி என்று சொல்லி அனுப்பினாள்.

நவம்பரில் தேர்தல் நாள். எங்கள் வட்டாரத்துக்குத் தீயணைப்பு நிலையம்தான் வாக்குச்சாவடி. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வரிசை விட்டிருந்தார்கள். டெல்லாவுக்கு முன்னால் எமெட் நின்றார்.

"அந்த மாட்டு டாக்டர் சீட்டுல இருக்காரா?"

"இல்ல எமெட். என் தப்பு." அவள் எல்லாவற்றையும் சுருக்கிச் சொன்னாள்.

"காலையில போட்டா என்ன, சாயங்காலம் போட்டா என்ன? கை உன்னுதுதானே?"

"சட்டம் அப்படி."

"அப்ப நான் போட்டது?"

"அதுவும் போச்சு."

 எழுபத்துநாலு வயதில் தன் கையெழுத்து செல்லாது என்று ஒருவரும் எமெட்டிடம் சொன்னதில்லை. வரிசை நகர்கிற வரைக்கும் தொப்பியை எடுத்து எடுத்து மாட்டிக்கொண்டார்.

சீட்டில் இரண்டு பெயர்கள் அச்சாகியிருந்தன. கீழே, வேறு யாருக்காவது போட விரும்புகிறவர்கள் பெயரைத் தாங்களே எழுதிக்கொள்ள ஒரு வெற்றுக் கோடு. வேலை முடிந்து மாலையில் வந்திருந்ததால் டெல்லாவின் விரல்கள் விறைத்திருந்தன. ஆர்லோ விட்டன்பாக் என்று எழுதி முடிக்கவே நெடுநேரம் ஆனது. எழுத்து கிறுக்கலாக வந்தது. பெட்டியில் போடுவதற்கு முன் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துத் தடுப்புக்கு மேலே எமெட்டின் தலை எழும்பியது.

"டெல்லா, அந்த ஆளு பேரு என்ன சொன்ன?"

"இங்க எந்த வேட்பாளர் பேரையும் சொல்லக்கூடாது," என்று அதிகாரி மேஜையிலிருந்து மார்ஜ் அதட்டினாள். மார்ஜ் டெல்லாவின் மாதா கோயில் சிநேகிதி. ஆனால் அன்றைக்குச் சட்டையில் தேர்தல் அதிகாரி அட்டை குத்தியிருந்தாள்.

டெல்லா எமெட்டைப் பார்த்தாள். நாற்பது வருஷமாக ஒரே கட்சிக்குப் போட்ட மனுஷர் பேனாவும் கையுமாக நிற்கிறார். ஒரு பெயர், அவ்வளவுதான். "சொல்லக்கூடாதாம் எமெட்," என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சட்டம் தன்னை விடாது என்று அவளுக்குத் தோன்றியது. 

வெளியே வந்தபோது எமெட் தீயணைப்பு வண்டியின் பக்கத்தில் அவளுக்காகக் காத்திருந்தார்.

"பேரு ஞாபகம் வரல. நீயும் சொல்லமாட்டேன்னுட்ட. அதனால அந்தக் கோட்டுல 'டெல்லாவோட ஆளு'ன்னு எழுதிட்டேன். வீட்டுக்காரிகிட்ட மூச்சு விட்டுடாத." கொஞ்சம் தயங்கினார். "செல்லும்ல?"

செல்லாது. இந்த மாவட்டத்தில் அதை டெல்லாவைவிட நிச்சயமாகச் சொல்லக்கூடியவர்கள் யாரும் கிடையாது.

"செல்லும் எமெட்," என்றாள்.