கேரவனில் நான் இல்லை

நானும் கணவரும் அஜ்மானில் இருக்கிறோம். இந்தக் கோடையில் ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஓமானின் மசீரா தீவுக்குப் போனோம். இங்கே வெயில் கொளுத்தும்போது அங்கே கடற்காற்று சிலுசிலுவென்று அடிக்கும்.

சமையல், தூக்கம் எல்லாம் அந்தச் சின்ன வண்டிக்குள்தான். ஒருநாள், டேங்கில் தண்ணீர் பிடிக்காமல் விட்டது யார் என்று பெரிய சண்டை. நான் பின்பக்கம் போய்த் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

வழியில், காற்றில் அடித்துக்கொண்ட ஜன்னலைச் சரிசெய்ய அவர் வண்டியை நிறுத்தினார். நான் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிக் கடலோரப் பாறைப் பக்கம் நடந்தேன். காற்றின் இரைச்சலில் வண்டி கிளம்பிய சத்தமே கேட்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் வெறும் ரோடு. போன் வண்டியிலேயே இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வீடில்லை, ஆளில்லை. சில கழுதைகள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன. கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன்.

வெயில் சாயும்போதுதான் வண்டி திரும்பி வந்தது. அடுத்த இடத்தில் நிறுத்தித் திரையை விலக்கிய பிறகே அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

"நான் இல்லாததுகூடவா தெரியலை?" என்று அழுதேன்.

"வழியெல்லாம் பேசிட்டேதாம்மா வந்தேன். சாரிகூடச் சொன்னேன். நீ பதிலே சொல்லலை. இன்னும் கோபம் தீரலைன்னு நினைச்சேன்."

இப்போது எவ்வளவு கோபம் இருந்தாலும், "ஏறிட்டியா?" என்று அவர் கேட்டால் "ம்" என்றாவது சொல்லிவிடுகிறேன். அந்த "ம்" காதில் விழாமல் அவரும் வண்டியை எடுப்பதில்லை.