நாற்பத்தைந்தில் ஓட வேண்டிய தட்டு

உக்கடத்துப் பழைய சாமான் கடையில் அந்த இசைத்தட்டை நான் கையில் எடுத்ததே அதன் நடுவிலிருந்த ஓட்டையைப் பார்த்துத்தான். எங்கள் வீட்டிலிருந்த பெரிய தட்டுகளில் பென்சில் நுழைகிற அளவுக்குத்தான் துளை இருக்கும். இது சின்னத் தட்டு, ஆனால் ஓட்டையில் இரண்டு விரல் சேர்ந்தே போகும்.

"அமெரிக்காக்காரம்மா ஒருத்தங்க பாடுனதுங்க. அந்தக் காலத்துல பெரிய பேராம்" என்றார் கடைக்கார பாய். "ஆனா உங்க மிசின்ல நிக்காதுங்களே."

"நிக்க வெக்கறது என் பாடுங்க பாய்" என்று வாங்கி வந்தேன். துடியலூரில் நான் லேத் பட்டறை வைத்திருப்பது அவருக்குத் தெரியும்.

எனக்கு இங்கிலீஷ் பாட்டில் பெரிய பிரியம் கிடையாது. வீட்டில் ஏதாவது ஒரு பாட்டு மறுபடி கேட்க வேண்டும், அவ்வளவுதான். என் மனைவி இருபது வருசத்துக்கு மேல் சர்ச் பாடகர் குழுவில் மேல் குரல் பாடியவள். கிறிஸ்துமஸ் சமயத்தில் அவள் பாடுவதைக் கேட்கவென்றே சத்தியமங்கலத்திலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள். போன வருசம் தைராய்டுக்கு ஆபரேஷன் ஆனது. உடம்பு நன்றாகத் தேறிவிட்டது, குரல் மட்டும் மேலே ஏறவில்லை. ஏறப் பார்த்தால் உடைந்தது. குழுவிலிருந்து நின்றுகொண்டாள். அவள் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த ரெக்கார்டு பிளேயர் துணி போர்த்தி அலமாரி மேலேயே கிடந்தது. யாராவது பாடினாலே எழுந்து போய்விடுவாள்.

பட்டறையில் அலுமினியத் துண்டு ஒன்றைக் கடைந்து, ஓட்டைக்குள் சரியாக உட்காரும்படி ஒரு வட்டு செய்தேன். சாயங்காலம் பிளேயரை இறக்கித் துடைத்து, தட்டை வைத்து ஓட விட்டேன்.

கனத்த குரல் ஒன்று மெதுவாக எழுந்தது. ஒவ்வொரு சொல்லையும் கீழே வைக்க மனமில்லாதது போல நீட்டி நீட்டிப் பாடியது. சமையலறையில் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியோடு வந்து நின்றாள்.

"ஆம்பளையாட்ட இருக்குதே?" என்றேன்.

"பொம்பளைதானுங்க. மூச்சு வாங்கற எடத்தைக் கேளுங்க. மறுக்காப் போடுங்க."

அன்று எத்தனை முறை போட்டேன் என்று தெரியாது. மறுநாள் நான் கேட்காமலேயே அவளே போட்டாள். ஒரு வாரத்தில் கூடவே முனக ஆரம்பித்தாள். சொல் தெரியாததால் வெறும் மெட்டு. அது அவளுடைய பழைய குரல் இல்லை. அடியிலிருந்து வந்தது, கொஞ்சம் கரகரப்பு, ஆனால் உடையவில்லை. நான் பட்டறைக்குக் கிளம்புவதைத் தள்ளிப் போட்டுவிட்டு வாசலில் நின்று கேட்பேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் லீவுக்கு வந்தபோது அம்மா பெருமையாக அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினாள். மகள் தட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, இது நிமிசத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்து ஓடோணும். நீங்க முப்பத்து மூணுல ஓட்டீட்டு இருக்கீங்க."

எங்களிடம் இருந்ததெல்லாம் பெரிய தட்டுகள். வேகத்தை மாற்றும் குமிழை நாங்கள் தொட்டதே இல்லை. மகள் அதைத் திருப்பி வைத்து ஓட விட்டாள். துள்ளிக்கொண்டு வந்தது ஓர் இளம்பெண்ணின் குரல். மேலே மேலே போய் சிரமமே இல்லாமல் நின்றது. மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி முகத்தைத்தான் பார்த்தேன். அவள் இழந்த குரல் அப்படித்தான் இருந்தது.

பாட்டு முடியும்வரை அசையாமல் கேட்டாள். "இப்ப பழையபடி மெதுவாப் போடு, அம்மணி" என்றாள் மகளிடம்.

மெதுவாக ஓடும்போது விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்: "யாரு பாட்டையும் இப்படி இழுத்துப் போட்டாத் தப்பெல்லாம் வெளிய தெரிஞ்சுபோடும். சுதி ஆடும், தொண்டை நடுங்கும். இந்தம்மாகிட்ட ஒண்ணுமே இல்லீங்க பாருங்க. பாடிப் பாடி எத்தனை பழகியிருக்கோணும்!"

பிறகு சற்று யோசித்து, "அப்போ இந்தக் கீழ்ச் சுதில பாடுனது நான் ஒருத்திதானா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றாள் மகள். "அவங்க அங்க வரவே இல்ல."

அதற்குச் சந்தோசப்பட்டாளா, வருத்தப்பட்டாளா, எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் மறுநாள் காலை காப்பி ஆறிக்கொண்டிருக்க, பாடகர் குழுத் தலைவருக்குப் போன் செய்தாள். அவர் அவளைவிட இளையவர்.

"மேல் குரல் எனக்கு வேண்டாந் தம்பி. கீழ பாடற ஆல்டோவுல ஓரமா எடங் குடுத்தா வாரேன்."

"ஓரமா எதுக்குங்க்கா? அங்க ஆளே பத்தல. இன்னைக்கே வாங்க" என்றது அந்தப் பக்கம். எனக்கே கேட்டது.

பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனையில் குழுவின் இரண்டாம் வரிசையில் நின்று பாடினாள். ஆல்டோ தனியாகக் காதில் விழாது. மேல் குரலுக்கு அடியில் தாங்கிக்கொண்டு போகும். பின் பெஞ்சில் உட்கார்ந்து மற்றக் குரல்களை ஒவ்வொன்றாக ஒதுக்கி ஒதுக்கி அவளைத் தேடினேன். மூன்றாவது பாட்டில் கண்டுபிடித்துவிட்டேன். அதற்கப்புறம் வேறு எதுவும் எனக்குக் கேட்கவில்லை.