ஓட்டப் பந்தயத்து டம்ளர்

எங்கள் ஊர்ப் பெண்கள் தொடக்கப் பள்ளி விழாவில் பரிசு கொடுக்க என்னை அழைத்திருந்தார்கள். புது எவர்சில்வர் டம்ளரைக் கையில் எடுத்ததும், அதன் குளிர்ச்சி என்னை மூன்றாம் வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டது.

அன்றும் ஓட்டப் பந்தயத்துக்கு டம்ளர்தான் பரிசு. முதலில் வந்தவள் நான். பரிசு கொடுக்க வந்தவரோ எங்கள் ஊர் மிராசுதார். கூலி நெல்லைக் கூட்டித் தரச் சொல்லி அம்மாவும் எங்கள் தெருக்காரர்களும் அவருடைய வயலில் அறுவடையை நிறுத்தியிருந்த தை மாதம் அது. கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. எங்கள் அடுப்பில் கிழங்குதான் வெந்தது.

பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் முன்னால் போய் நின்றதும், களத்தில் அம்மா கூலி நெல்லுக்கு முந்தானையை ஏந்துவதைப் பார்த்த பழக்கத்தில், நான் பாவாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன்.

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே டம்ளரை அதில் போடப் போனார்.

"பாவாடைய விடுடி!" பின்னாலிருந்து அம்மா கத்தினாள். "ஓடி ஜெயிச்சது நீ. கைய நீட்டி வாங்கு!"

சிரிப்பு அடங்கிவிட்டது. நான் கையை நீட்டினேன். அவர் கொடுத்தார்.

கூலித் தகராறு தீர்ந்த பிறகு, அம்மா முந்தானையை ஏந்தவே இல்லை. களத்துக்குச் சாக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது மேடைக்கு ஓடிவந்த சிறுமி, நான் நீட்டுவதற்குள் டம்ளரை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். டீச்சர் அவளை அதட்டினார்.

"விடுங்க டீச்சர்," என்றேன். "அது அவளோடதுதானே."