டாக்டர் எஸ்தர் சுற்றிய மிதவை

செய்தி வந்தபோது நான் ஸ்ரீவைகுண்டத்தில் இருந்தேன். கால்வாயில் தண்ணீர் திறப்பதைப் பார்த்துப் பத்திரிகைக்கு எழுதுவதற்காகப் போயிருந்தேன். மதகு உயர்ந்து, முதல் நீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு மெதுவாக நகர்ந்த நேரத்தில் தங்கப்பாண்டி அண்ணாச்சி கைப்பேசியில் அழைத்தார். தூத்துக்குடியில் இரும்புக் கடை வைத்திருக்கும் அவர்தான் எங்கள் பாய்மரப் படகு கிளப்பின் செயலாளர்.

"சார், நம்ம டாக்டரம்மா போயிட்டாவ."

எங்கே, எப்போது, எப்படி என்று வரிசையாகக் கேட்டேன். நாசரேத்தில், தங்கை வீட்டில். காய்ச்சல் என்று படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்ன அண்ணாச்சி கடைசியில், "எழுதிக்கிட்டீங்களா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. எதையாவது எழுதிக்கொள்ள வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. கால்வாயில் தண்ணீர் அதற்குள் சருகுகளை எங்கோ கொண்டுபோய்விட்டது.

டாக்டர் எஸ்தர் பல் மருத்துவர். தூத்துக்குடியில் பாதிப் பேர் அவரை வாயைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அறிவார்கள். பாய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அறிந்தவர்கள் நாம் கொஞ்சப் பேர். நமக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கிளப்பைப் பற்றி ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை எழுதலாம் என்று முந்தின ஆண்டு தொடக்கத்தில் நான் அங்கே போனேன். படகுக் கொட்டகையில் குனிந்து ஒரு கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்த, நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த அம்மையாரிடம் கேள்விகளை ஆரம்பித்தேன். அவர் நிமிரவில்லை. "கரையில நின்னு கேட்டா கரைப் பதில்தான் சார் கிடைக்கும். ஏறுங்க" என்றார். ஏறினேன். ஒரு மணி நேரத்தில் கடலில் விழுந்தேன். என்னைச் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டுவிட்டு, "வாயில தண்ணி போச்சா? நல்லது. உப்புத் தண்ணி ஈறுக்கு நல்லது" என்றார். கட்டுரை எழுதவில்லை. அந்த ஆண்டு முழுவதும் அவருக்குத் துணையாகப் படகில் போனேன்.

எங்கள் கிளப்பில் சம்பள ஆள் கிடையாது. ஒரு வழக்கம் மட்டும் உண்டு. ஞாயிறுதோறும் போட்டி நடக்கும். மூன்று ஞாயிறு படகு ஓட்டியவர், நான்காம் ஞாயிறு ஊழியம் செய்ய வேண்டும். படகுகள் சுற்றித் திரும்ப வேண்டிய மிதவையைக் கொண்டுபோய்க் கடலில் நிறுத்துவது, நடுவர் படகில் அமர்ந்து கொடி ஏற்றுவது, கவிழ்ந்தவர்களைத் தூக்குவது, தேநீர் கொண்டுபோவது எல்லாம் ஊழியத்தில் சேரும். டாக்டர் தம் முறையையும் செய்வார், வராதவர் முறையையும் செய்வார். அதோடு அந்த ஆண்டு ஒரு பிடிவாதமும் வைத்திருந்தார். மேற்கிலிருந்து கச்சான் காற்று வலுத்து வீசும் மாதங்கள் போக மீதி எந்த ஞாயிறையும் விடக்கூடாது. ஓட்ட வேண்டிய போட்டி எல்லாவற்றிலும் சுக்கான் தம் கையில் இருக்க வேண்டும். ஏன் இந்த ஆண்டு மட்டும் என்று கேட்டால், "வயசாகுதுல்லா" என்பார். முதல் ஆராதனை முடித்து, கோயில் சேலையைக் கொட்டகையில் மாற்றிக்கொண்டு முதல் ஆளாகப் படகை இழுப்பார்.

"ஆண்டவருக்குக் கொஞ்ச நேரம், காத்துக்கு முழு நாளா டாக்டரம்மா?" என்று அண்ணாச்சி சீண்டுவார்.

"காத்த யாரு அண்ணாச்சி அனுப்புதா? உங்க கடையில இருந்தா வருது?"

அந்தக் காலைகளை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. துறைமுகத்துக் கிரேன்கள் பனிமூட்டத்தில் அடிப்பாகம் இல்லாமல் நிற்கும். உப்பளங்களின் வெண்மை வானத்தில் கொஞ்ச தூரம் ஏறியிருக்கும். எது கடல், எது வானம் என்று பிரிக்கிற கோட்டை யாரோ ஈரத் துணியால் துடைத்துவிட்டாற்போல இருக்கும். படகு நகர்வது, பலகைக்கு அடியில் தண்ணீர் முணுமுணுப்பதால்தான் தெரியும். நாங்கள் போகிற தண்ணீருக்குக் கீழே பழைய முத்துப் பார்கள் கிடக்கின்றன. இப்போது யாரும் அங்கே முத்துக் குளிப்பதில்லை. ஒருநாள் அதைச் சொன்னேன். டாக்டர் யோசித்துவிட்டு, "கீழ அவ்வளவு சிப்பியும் வாய மூடிட்டுக் கிடக்கும். என் தொழிலுக்கு ஆகாது" என்றார். படகில் அவரோடு பேசாமல் இருப்பது, தூங்கி விழித்ததுபோல் உடம்புக்கு நன்றாக இருக்கும்.

பங்குனியில் ஒரு ஞாயிறு, கடலுக்குள் போகாதவர்களை ஏற்றிக்கொண்டு போகும் ஊழியம் வந்தது. முன்னொரு காலத்தில் துறைமுகமாக இருந்த கொற்கையிலிருந்து வாழை விவசாயிகள் சிலர் வேன் பிடித்து வந்திருந்தார்கள். எங்கள் படகில் ஏறிய பெரியவர் இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்தபடி இருந்தார். கொஞ்சம் போனதும் பிடியைத் தளர்த்திவிட்டு, "எங்க ஊருக்குக் கடலு வந்துட்டிருந்துச்சுன்னு சொல்லுவாவ. அது வாரத விட்டுட்டு. சரி, நாமளாவது போயி ஒரு எட்டுப் பார்ப்போம்னு வந்தேன்" என்றார். உறவினரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். டாக்டர் அவரிடம், "என்னய்யா தெரியுது உங்களுக்கு? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க" என்றார். அவரும் சொல்லிக்கொண்டே வந்தார்: தண்ணீரின் நிறம், தூரத்துக் கப்பல், கப்பலில் காயும் துணி. விருந்தாளியிடம் காட்டும் மரியாதை என்றுதான் நான் நினைத்தேன்.

இனிச் சொல்லப்போவது, நம்மில் பலர் கண்ணால் பார்த்தது. ஆனாலும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிவருகிறோம். அன்றைக்கு நான் நடுவர் படகில் இருந்ததால், பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவைக்கிறேன்.

கச்சான் ஓய்ந்த புரட்டாசி ஞாயிறு. என் ஊழிய முறை என்பதால் அண்ணாச்சியோடு நடுவர் படகில் உட்கார்ந்திருந்தேன். மூட்டமும் வெயிலும் கலந்து கடல் பால்போலக் கிடந்தது. காற்று மெல்லியதாக இருந்ததால் டாக்டர் தனியாகவே படகை எடுத்துக்கொண்டு போனார். முயல் தீவுப் பக்கம் நிறுத்தியிருந்த ஆரஞ்சு மிதவையைச் சுற்றித் திரும்ப வேண்டும். அண்ணாச்சி காற்றடைத்த குப்பியில் பொருத்திய ஊதலை அழுத்தினார், படகுகள் புறப்பட்டன. டாக்டர்தான் முன்னால். வெள்ளைப் பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கனவில் போகிறவர்கள்போல, ஓசையில்லாமல் மூட்டத்துக்குள் போயின.

மிதவைக்கு நல்ல தூரம் இருக்கும்போதே டாக்டரின் படகு திரும்பியது. அது சுற்றியது, யாரோ மீனவர் நண்டு வலைக்கு அடையாளமாக மிதக்கவிட்டிருந்த ஒரு காவி நிறக் கேனை. அண்ணாச்சி எழுந்து நின்றார். அடுத்த படகும் அதையே சுற்றியது. அதற்கடுத்ததும் சுற்றியது. உண்மையான மிதவை கொஞ்சம் தள்ளித் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. டாக்டர் திரும்பினால் அங்கேதான் திரும்ப வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் அவ்வளவு பழகியிருந்தது.

"ஏலே, அங்கன இல்லலே! அங்கன இல்ல!" என்று அண்ணாச்சி கத்தியது பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

கடைசியாகப் போய்க்கொண்டிருந்தது செல்வின், பிரேமா தம்பதியின் படகு. செல்வின் சாயர்புரத்தில் வேதியியல் ஆசிரியர். இருவரும் கிளப்பில் சேர்ந்தது அந்த ஆண்டுதான். கடலில் அவர்கள் போடும் சண்டை காற்று வாக்கில் கரைவரை கேட்கும். அன்றும் கேட்டது.

"எல்லாரும் அங்கனதான் திரும்புதாங்க பிரேமா!"

"திரும்பட்டும். நமக்குச் சொன்னது ஆரஞ்சு மிதவை. இது கேனு. கேனுக்கும் மிதவைக்கும் வித்தியாசம் தெரியாமலா பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கீங்க?"

அவர்கள் மட்டும் போய், சரியான மிதவையைச் சுற்றிவிட்டு, எல்லோரும் கரை சேர்ந்து வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்தார்கள்.

அதற்குள் வலைக்காரர் மிக்கேல் தம் வள்ளத்தைக் கொட்டகைக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். "என் கேனச் சுத்தி என்ன சப்பர பவனியா நடத்துதீங்க? வரிசையா வாரீங்க, சுத்துதீங்க, போறீங்க! ஒரு மெழுகுவத்தி கொளுத்தி வச்சிருந்தா காணிக்கையாவது விழுந்திருக்கும்!" என்றார். கொட்டகையே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

யாருக்கு வெற்றி என்ற பேச்சு தொடங்கியது. போட்டியைத் திரும்ப நடத்தலாம் என்றார்கள் சிலர். எல்லோரும் ஒரே தவற்றைச் செய்தால் அது தவறில்லை என்றார் ஒருவர். அண்ணாச்சிக்கும் டாக்டரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "டாக்டரம்மா சுத்தினதத்தான் எல்லாரும் சுத்தியிருக்காவ. இன்னைக்கு அதுதான் மிதவைன்னு வச்சுக்கிடுவோமே" என்றார்.

"அப்போ நாங்க சுத்துனது என்ன அண்ணாச்சி? பூசணிக்காயா?" என்றார் பிரேமா.

டாக்டர் எழுந்தார். "ஜெயிச்சது பிரேமாவும் செல்வினும். அதுல பேச்சே இல்ல" என்றார். அதோடு உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தோம். உட்காரவில்லை. "எனக்கு மிதவை தெரியல. கேனும் தெரியல. ஏதோ ஒரு நெறம் தெரிஞ்சுது, அது பக்கமாத் திருப்பினேன்" என்றார்.

கண்ணின் நடுப் பார்வை அவருக்குப் போய்க்கொண்டிருந்தது என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஓரங்கள் தெரியும், எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் தெரியாது. பல் பிடுங்குவதை முன்பே நிறுத்தி, மருத்துவமனையைத் தங்கை மகளிடம் கொடுத்திருந்தார். ஓய்வு என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. இனிமேல் பார்வை இன்னும் குறையும் என்று தெரிந்துதான் அந்த ஒரு ஆண்டை முழுதாக ஓட்டிப் பார்த்துவிட நினைத்திருக்கிறார்.

"நான் தப்பாப் போனா அது என் பாடு. நல்லா நீந்துவேன்" என்றார். "ஆனா நான் திரும்பிப் பார்த்தப்போ ஓரத்துல வெள்ள வெள்ளயா வரிசையாத் தெரிஞ்சுது. நீங்க எல்லாரும் பின்னாலயே வந்துட்டீங்க. அந்த இடத்துல வலைக்குப் பதிலாப் பாறை இருந்திருந்தா? இனிமே சுக்கான்ல கை வைக்க எனக்குத் தைரியம் இல்ல."

மிக்கேல்தான் முதலில் பேசினார். "விடுங்க டாக்டரம்மா, வலைக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அண்ணாச்சி என்னையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். டாக்டர் காப்பி கொடுத்தார். கிளப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஊழியத்துக்கு ஆள் பத்தல டாக்டரம்மா" என்றார்.

"கொடி எனக்குத் தெரியாது அண்ணாச்சி. படகும் சரியாத் தெரியாது."

"ஊதல அமுக்கக் கண்ணு எதுக்கு? சார் நேரம் பார்த்துச் சொல்லுவாரு, நீங்க அமுக்குங்க. ஓட்டாதவங்களுக்கு ஊழியம் கிடையாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

டாக்டர் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பி வந்தபோது, "எத்தன மணிக்கு வரணும்?" என்று, தமக்குத் தெரியாததுபோலக் கேட்டார்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இடையே கிடைத்த ஞாயிறுகளில் எல்லாம் நடுவர் படகில் அவர் பக்கத்தில் அமர்ந்து போட்டியைச் சொன்னேன். யார் முன்னால், யார் பின்னால், எவ்வளவு இடைவெளி. எனக்குத் தெரிந்த தொழில் அதுதான். அவர் முதல் நாளே கையைக் காட்டி நிறுத்தினார். "முடிவு கடைசில தானா வரும் சார். பேப்பர்லகூட வரும். இப்ப அங்கன என்ன இருக்கு, அதச் சொல்லுங்க" என்றார்.

அந்த ஆண்டின் கடைசிப் போட்டி, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. வீசிக்கொண்டிருந்த வாடைக் காற்று பாதிப் போட்டியில் நின்றுவிட்டது. படகுகள் எல்லாம் இருந்த இடத்திலேயே நின்றன. பாய்கள் தொங்கின. நான் பேச்சை நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணும் நடக்கல டாக்டர். காத்து இல்ல."

"ஒண்ணும் நடக்கலன்னா கடல எடுத்துட்டுப் போயிட்டாங்களா? அது இருக்குல்லா?"

நான் பார்த்தேன். அதுவரை பார்க்கவில்லை என்பது அப்போது தெரிந்தது. மழை கழுவிய வெளிச்சம். ஒவ்வொரு பாயின் கீழும் தலைகீழாக இன்னொரு பாய். ஒரு பாயின் நிழலுக்குள் சின்ன மீன்கள் கூட்டமாக வந்து நின்றுவிட்டுப் போயின. செல்வினும் பிரேமாவும் சண்டை போடாமல், ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதி பாதியாகத் தின்றுகொண்டிருந்தார்கள். நங்கூரமிட்ட கப்பல் ஒன்று, யாரும் சொல்லாமலே, நீரோட்டத்தோடு மெல்ல முகம் திருப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். டாக்டர் ஊதலை மடியில் வைத்துக்கொண்டு, நேரே பார்க்காமல், ஓரக் கண்ணுக்குக் கடல் விழும்படி முகத்தைச் சற்றுத் திருப்பி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். காற்று திரும்ப வரவே இல்லை. போட்டி கைவிடப்பட்டது என்று அண்ணாச்சி அறிவித்தார். டாக்டர் ஊதலை நீளமாக அழுத்தினார். அந்த ஓசை தண்ணீர்மேல் போய்க்கொண்டே இருந்தது.

நாசரேத்தில் அடக்க ஆராதனை முடிந்து, கல்லறைத் தோட்டத்திலிருந்து நம்மவர் எல்லோரும் ஒரே வேனில் திரும்பினோம். கொட்டகையில் இறங்கியதும் மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். நான் கரையில் நின்றேன். நடந்ததை எழுதியே காலத்தைக் கழித்தவன் நான். ஒன்றும் நடக்காதபோது என்ன இருக்கிறது என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி.

கச்சான் இன்னும் எழவில்லை. கடலில் படகு இல்லை. தண்ணீர் கரையோரம் பச்சையாகவும், கொஞ்சம் தள்ளிச் சாம்பலாகவும் இருந்தது. வடக்கே ஒரு மேகத்தின் நிழல் மட்டும் தனியாக நகர்ந்துகொண்டிருந்தது. அதைச் சொன்னேன். பிறகு, அவர் கேட்டுக்கொண்டிருப்பதுபோல், அதற்குப் பக்கத்தில் இருந்ததைச் சொன்னேன்.