நான் கிழித்த பக்கம்

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். நன்னிலம் பக்கம் குத்தகைத் தகராறு முற்றியிருந்த சமயம் அது; எங்கள் வயலும் பண்ணையாரிடம் எடுத்த குத்தகைதான். 'பயிர் ஏன் கருகுகிறது? பார்த்ததைச் சொந்தமாக எழுது' என்று அறிவியல் டீச்சர் என் மகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். சொந்தமாக எழுதுவதெல்லாம் தமிழ் வகுப்பில்தானே என்று நோட்டைப் பார்த்தேன். 'வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. பண்ணையார் ஆள் எங்கள் வயல் மடையை அடைத்துவிட்டார். அதனால் கருகுகிறது' என்றிருந்தது. குத்தகையே போய்விடுமென்று பயந்து, அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

"நான் எழுதுனது பொய்யாம்மா?" என்று கேட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் போய், "கிழிச்சது நான்தாங்க டீச்சர்," என்றேன்.

"அப்ப நீங்களே எழுதிக் குடுங்க," என்று நோட்டை நீட்டினார்.

அதே மூன்று வரியை எழுதி, கீழே என் பெயரையும் போட்டேன். டீச்சர் அதை வகுப்பில் வாசித்தார்.

இரண்டே நாளில் பண்ணை ஏஜெண்டு வாசலில் நின்றார். "எங்களைப் பத்தி எழுதுன பெரிய படிப்பாளி யாரு?"

"நான்தான். சந்தேகம்னா வாங்க, மடையைப் போய்ப் பாப்போம்."

அவர் வரவில்லை. மடையைத் திறக்க நான் மண்வெட்டியோடு போனேன்.

இன்றைக்கும் பயம் உண்டு. ஆனால் பயந்து எதையும் கிழிப்பதில்லை.